பிரெட் மெஷினுக்குள் என்ன நடக்கிறது? ஆனைக்குட்டம் வெயிலில் அது தேறுமா?

ஆனைக்குட்டம் இருக்கும் விருதுநகர்ப் பக்கத்தில் பிரெட் வெகுகாலம் காய்ச்சல்காரருக்கென்றே ஒதுக்கிய பண்டம். டாக்டர் ஊசி போட்டுவிட்டு "பாலும் பிரெட்டும் குடுங்க" என்று சொன்னால்தான் அது வீட்டுப் படியேறும். நல்ல உடம்போடு ஒருவர் பிரெட் தின்றால் "என்ன, மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்பார்கள். அதே மைதாவை எண்ணெயில் பொரித்தெடுத்து, சால்னா ஊற்றி, பரோட்டா என்று இலையில் வைத்தால் யாரும் உடம்பை விசாரிப்பதில்லை.

இப்போது நிலைமை வேறு. ஆனைக்குட்டம், திருத்தங்கல், சிவகாசி எங்கும் விடியற்காலையிலேயே பட்டாசு ஆலை வேன்கள் ஆள் ஏற்றக் கிளம்பிவிடுகின்றன. மதியச் சோற்றைக் கட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட டப்பாவும் கட்டவேண்டிய பெண்களுக்கு, தோசை வார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லாத காலைகளில் பிரெட்தான் கை கொடுக்கிறது. சர்க்கரை வந்த பெரியவர்கள் கோதுமை பிரெட் கேட்கிறார்கள். "மதினி, மாவைக் கொட்டுனா அதுவே பிசைஞ்சு சுட்டுக் குடுக்குற மெஷினாம்ல, வாங்கலாமா?" என்று கேட்கும் அளவுக்கு விஷயம் வந்துவிட்டது. ஏழாயிரம் எட்டாயிரம் ரூபாய்க்குப் பதில் சொல்லவேண்டிய கேள்வி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்ல முடியாது.

மூடியைத் திறந்தால் வாளி மாதிரி ஒரு பாத்திரம். ஒட்டாத பூச்சு பூசியது. அதன் அடியில் சின்னத் துடுப்பு ஒன்று. துடுப்பைச் சுற்ற ஒரு மோட்டார்; பெரும்பாலும் பெல்ட் போட்டது. பாத்திரத்தைச் சுற்றி வளையமாக ஒரு ஹீட்டர். சூட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு சென்சார். எது எப்போது ஓடவேண்டும் என்று கணக்கு வைக்க ஒரு சிறிய மின்னணு அட்டை. மொத்தம் இவ்வளவுதான். ஹீட்டர் 500, 600 வாட் அளவில் இருக்கும்; இஸ்திரிப் பெட்டியை விடக் குறைவு.

இந்தப் பெட்டி செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள இட்லி மாவைப் பிடித்துக்கொள்வதே சுலபம். நாம் உளுந்தும் அரிசியும் ஆட்டுகிறோம், இரவெல்லாம் பொங்க வைக்கிறோம், காலையில் அவிக்கிறோம். ஆட்ட கிரைண்டர், பொங்க ஒரு தூக்குவாளி, அவிக்க இட்லிக் கொப்பரை. பிரெட் மெஷின் இந்த மூன்றையும் ஒரே பாத்திரத்துக்குள், மூன்று நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறது.

முதலில் பிசைதல். உளுந்தை ஏன் அவ்வளவு நேரம் ஆட்டுகிறோம்? அரைபட்டால் போதும் என்றால் மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டாலே முடிந்துவிடும். உளுந்தில் உள்ள புரதமும் வழுவழுப்பான பசையும் நீரோடு சேர்ந்து, காற்றைப் பிடித்து வைக்கும் அளவுக்கு விரிய வேண்டும். அதற்குத்தான் குழவி அத்தனை நேரம் உருள்கிறது. கோதுமையில் அந்த வேலையைச் செய்வது குளூட்டன். மாவில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னி, இழுத்தால் நீளும் வலையாகின்றன. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக்குவதும் இந்த வலையின் பலத்தால்தான். மெஷின் முதலில் சில நிமிடம் பிசைந்து, மாவு நீர் குடிக்கட்டும் என்று சற்று நிறுத்தி, மறுபடி கால் மணி, இருபது நிமிடம் பிசைகிறது.

அடுத்து பொங்குதல். இட்லி மாவில் வேலை செய்கிற நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் வந்தவை. கடையில் வாங்கிப் போடுவதில்லை. அவை புளிப்பையும் கரியமில வாயுவையும் சேர்த்தே தரும், நேரம் எடுத்துக்கொள்ளும். பிரெட்டுக்கு நாம் போடுவது பொட்டலத்தில் வரும் ஈஸ்ட். அது சர்க்கரையைத் தின்று, வாயுவையும் கொஞ்சம் சாராயத்தையும் வெளிவிடும் (வேகும்போது சாராயம் ஆவியாகிவிடும், பயப்படவேண்டாம்). வேகம் அதிகம், புளிப்பு குறைவு. அதனால்தான் எட்டு மணி நேர வேலை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. பொங்கிய இட்லி மாவை அடித்துக் கலக்கினால் வீட்டில் வசவு விழும். பிரெட் மாவையோ மெஷின் நடுவில் ஒன்றிரண்டு தடவை துடுப்பால் சுற்றி அமுக்கிவிடும். பெரிய குமிழ்கள் உடைந்து சின்னச் சின்னக் குமிழ்களாகும். ஈஸ்ட்டுக்குப் புதிய தீனியும் கிடைக்கும். மாவு மறுபடி எழும்.

கடைசியாகச் சுடுதல். சூடு ஏற ஏற வாயு விரிந்து மாவு இன்னும் ஒரு எழும்பு எழும்பும். 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் செத்துப்போகும். அதன்பின் மாவுச்சத்து நீர் குடித்து இறுகி, குமிழ்களின் சுவர் நின்றுவிடும். இட்லியிலும் நடப்பது இதுதான். ஆனால் ஆவி 100 டிகிரியைத் தாண்டாது, ஈரமும் போகாது, அதனால் இட்லிக்கு வெள்ளைத் தோல். பிரெட்டின் வெளிப்புறம் காய்ந்து 140 டிகிரிக்கு மேல் போகும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறமும் வாசனையும் உண்டாக்கும். உள்பக்கம் 93, 95 டிகிரி வந்தால் வெந்துவிட்டது என்று கணக்கு. ஹீட்டர் பாத்திரத்தைச் சுற்றி இருப்பதால் பக்கங்கள் தடித்துச் சிவக்கும். மேல்பக்கம் கொஞ்சம் வெளுத்தே இருக்கும். அடியில் துடுப்பு குத்தி நின்ற ஓட்டை கட்டாயம் இருக்கும். பேக்கரி பிரெட் மாதிரி வழவழவென்று சதுரமாக வரும் என்று எண்ணி வாங்கினால் முதல் நாளே மனம் சுணங்கும்.

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொது. ஆனைக்குட்டத்துக்கென்று பேசவேண்டியது சூடு. பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று மேலே சொன்னதில் ஹீட்டர் உண்டு. குளிர்விக்க எதுவும் இல்லை. குளிர்நாட்டு அடுக்களையில் மாவுக்குக் கதகதப்பு கொடுக்கவேண்டும், அதை ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். இங்கே சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 38, 40 டிகிரி. மோட்டார் பிசையும் உரசலில் மாவின் சூடு இன்னும் சில டிகிரி ஏறும். மெஷின் ஹீட்டரைத் தொடாமல் சும்மா இருந்தாலும் மாவு தானே சூடாக நிற்கிறது. ஈஸ்ட் குதியாட்டம் போடுகிறது. மெஷினுக்கோ கடிகாரம்தான் கணக்கு. மாவு எழும்பி முடிந்ததா என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. ஐம்பது நிமிடம் என்று எழுதியிருந்தால் ஐம்பது நிமிடமும் காத்திருக்கும். மாவு முப்பது நிமிடத்திலேயே உச்சிக்குப் போய், குளூட்டன் வலை தாங்காமல் கிழிந்து, சுடத் தொடங்கும்போது நடுவில் குழி விழுந்துவிடும். மே மாதத்தில் இட்லி மாவு தூக்குவாளி மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்படித் தரையில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டாம்.

இந்தச் சிக்கல் மெஷினின் பிறப்பிலேயே இருந்தது. வீட்டுக்கான தானியங்கி பிரெட் மெஷினைத் தொடக்கக் காலத்திலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம். இன்று பானாசோனிக் என்று நாம் அறிந்த அதே நிறுவனம். ஆண்டு 1987. சோறு வடிக்கும் குக்கர் செய்யும் பிரிவு, சூடாக்கும் சாதனப் பிரிவு, மிக்ஸி போலச் சுழலும் சாதனப் பிரிவு என்று தனித்தனியாக இருந்த மூன்றையும் ஒன்றாக்கியபோது அங்கே பிறந்தது இந்தப் பெட்டி. தொடக்கத்தில் பிரெட் வெளியே கருகியது, உள்ளே வேகவில்லை. இக்குகோ தனாகா என்ற மென்பொருள் உருவாக்கும் பெண், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பிசையக் கற்றுக்கொண்டார். ரொட்டிக்காரர் மாவை வெறுமனே இழுக்காமல் முறுக்கி இழுக்கிறார் என்று கண்டுபிடித்தார். துடுப்பு சுற்றும்போது மாவு அதே மாதிரி முறுக்கி இழுபடுவதற்காகப் பாத்திரத்தின் உள்சுவரில் முகடுகள் வைத்தார்கள். நோனாகா, தக்கேயுச்சி என்ற இரண்டு பேராசிரியர்கள் தங்கள் நிர்வாகவியல் நூலில் எழுதியதால், கதையின் இந்தப் பகுதி உலகம் முழுக்கப் பிரபலமாகிவிட்டது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே கதையின் பின்பாதி. கோடைச் சூட்டில் மாவு அளவுக்கு மீறிப் பொங்காமலிருக்க முதலில் குளிர்விக்கும் ஏற்பாடு ஒன்றை வைத்திருந்தார்கள். விலை கட்டுப்படியாகவில்லை, எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஈஸ்ட்டை முதலிலேயே மாவோடு கலக்காமல் பிசைந்து பாதி முடிந்தபின் சேர்க்கும் பழைய முறையைப் பிடித்துக்கொண்டார்கள். குளிர்சாதனம் இல்லாத காலத்து ரொட்டிக்காரர்கள் கையாண்ட வழி அது. ஈஸ்ட் தனியறையில் காத்திருந்து நேரம் வந்ததும் தானே விழும் அமைப்பு சில மாடல்களில் இன்றும் உண்டு. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலான மெஷின்களில் அது இல்லை. இந்த வெயிலுக்கு மெஷின் வாங்குகிறவர் பத்தொன்பது மெனுவா, இருபத்தைந்து மெனுவா என்று எண்ணிக்கொண்டிருக்காமல் இந்த ஈஸ்ட் அறை இருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம்.

அறை இல்லாத மெஷினையும் பழக்கிவிடலாம். வழி நம் கையிலேயே இருக்கிறது. கோடையில் உளுந்து ஆட்டும்போது கிரைண்டர் சூட்டில் மாவு கெடாமலிருக்க ஐஸ் தண்ணீர் தெளிக்கிறோம் இல்லையா, இதற்கும் அதேதான். ஃபிரிஜ் தண்ணீரை அளந்து ஊற்றவேண்டும், குழாய்த் தண்ணீர் உதவாது. மேல்தொட்டியில் வெயில் குடித்து வரும் நீர் வெந்நீருக்குப் பக்கத்தில் இருக்கும். மெஷினோடு வரும் புத்தகம் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட் என்றால் முக்கால் போதும். உப்பைக் குறைக்கக்கூடாது, ஈஸ்ட்டுக்குக் கடிவாளம் அதுதான். நேரத்தையும் மாற்றலாம். பெரும்பாலான மெஷின்களில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போடும் டைமர் உண்டு. இரவு படுக்கும்முன் சாமான்களைப் போட்டு, பொழுது விடியும்முன் முடியும்படி வைத்தால், மாவு பொங்கும் நேரம் பின்னிரவுக் குளிர்ச்சியில் விழும். வெயில் ஏறுமுன் பட்டாசு மருந்து கலக்கும் வேலையை முடித்துவிடும் ஊர்க்காரர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. தண்ணீர் அடியில், மாவு அதன்மேல், மாவில் குழி பறித்து அதில் ஈஸ்ட். தண்ணீரை ஈஸ்ட் தொடக்கூடாது. இரவில் வைக்கும்போது பால் ஊற்றவேண்டாம், திரிந்துவிடும். பால்பவுடர் போடலாம்.

மாவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மெஷினோடு வரும் சமையல் புத்தகங்கள் புரதம் கூடிய வெளிநாட்டு பிரெட் மாவை மனதில் வைத்து எழுதியவை. நம் கடை மைதாவில் புரதம் சுமார் 10 சதவீதம். அந்த உயரம் எழும்பாது. ஆட்டா இன்னும் அடம் பிடிக்கும். அதில் புரதம் இருந்தாலும் தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையை அறுத்துக்கொண்டே இருக்கும். கல்லில் அரைத்த ஆட்டா தண்ணீரும் அதிகம் குடிக்கும். 300 கிராம் மைதாவுக்கு 190, 200 மில்லி போதும் என்றால் ஆட்டாவுக்கு 220க்கு மேல் கேட்கும். புத்தகத்தை நம்பாமல் முதல் பத்து நிமிடம் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். மாவு சப்பாத்தி மாவை விட நெகிழ்ந்து, விரலில் லேசாக ஒட்டி, ஆனாலும் உருண்டையாகத் திரண்டு நிற்கவேண்டும். உதிர்ந்தால் ஒரு கரண்டி தண்ணீர், பாத்திரச் சுவரில் அப்பிக்கொண்டால் ஒரு கரண்டி மாவு. இந்தப் பத்து நிமிடத்தைப் பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு இந்த மெஷின் சரிப்படாது என்பது என் கட்சி.

"நம்ம கரிசல்ல வெளையிற கம்பு, குதிரைவாலியில பிரெட் சுட்டா என்ன?" என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நல்ல ஆசைதான், ஆனால் சிறுதானியங்களில் குளூட்டன் இல்லை. உளுந்து போடாமல் அரிசியை மட்டும் ஆட்டி இட்லி ஊற்றினால் என்ன வருமோ அதுதான் வரும். ஐந்தில் ஒரு பங்கு கம்பு மாவு, மீதி கோதுமை என்றால் எழும்பும். அதற்கு மேல் போனால் அடை.

கடை பிரெட் மேல் சந்தேகம் வந்ததும் இந்த மெஷின் விற்பதற்கு ஒரு காரணம். 2016 மே மாதம் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், அங்கே வாங்கிய 38 பிரெட், பன் மாதிரிகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட்டின் எச்சம் இருப்பதாகச் சொன்னது. மாவை உப்ப வைக்கச் சேர்க்கும் பொருள்கள் அவை. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொட்டாசியம் புரோமேட்டைத் தடை செய்தது. ஆக அந்தப் பயத்துக்காக இன்று மெஷின் வாங்கவேண்டியதில்லை. ஆனால் 'கோதுமை பிரெட்' என்று பெரிய எழுத்தில் போட்ட உறையைத் திருப்பிச் சாமான் பட்டியலைப் படித்தால் முதல் பெயர் பல சமயம் மைதாவாக இருக்கும். பழுப்பு நிறம் காய்ச்சிய சர்க்கரைச் சாயத்தால் வந்ததாக இருக்கும். முழு ஆட்டா பிரெட் வேண்டும், உள்ளே என்ன போகிறது என்று தெரியவேண்டும் என்பவருக்கு மெஷின் நியாயமான காரணம். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் ஒன்றை மறக்கக்கூடாது: ஆட்டா பிரெட்டும் மாவுச்சத்துதான், இரண்டு துண்டு என்றால் இரண்டு துண்டோடு நிறுத்தவேண்டும்.

இனி காசு. 300 கிராம் மாவுக்குச் சுமார் 450 கிராம் பிரெட் கிடைக்கும். மாவு 18 ரூபாய், எண்ணெய், சர்க்கரை, பால்பவுடர், ஈஸ்ட் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு. கரண்ட் அரை யூனிட்டுக்கும் குறைவு. வாரம் மூன்று சுட்டால்கூட இரண்டு மாதத்தில் பத்து யூனிட் சுற்றிதான் வரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பல வீடுகளுக்கு அது கணக்கிலேயே வராது. ஆக ஒரு பிரெட்டுக்கு 30 ரூபாய். கடையில் 45 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 15. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் மெஷின் அசலை எடுக்க ஐந்நூறு பிரெட் சுடவேண்டும். வாரம் மூன்று என்றால் மூன்று வருடத்துக்கு மேல். காய்ச்சலுக்கு மட்டும் பிரெட் தின்னும் வீடு இந்தக் கணக்கை மேற்கொண்டு போடவே வேண்டாம்.

மூன்று வருடம் மெஷின் ஓடுமா என்பதும் கேள்வி. கிரைண்டர் பெல்ட் அறுந்தால் சிவகாசியில் வாங்கி மாட்டிவிடலாம். இதன் துடுப்பு தேய்ந்தாலோ, பாத்திரத்தின் அடிச்சீல் ஒழுகினாலோ அந்தக் கம்பெனிச் சாமானே வேண்டும். வாங்குமுன் உதிரி துடுப்பும் பாத்திரமும் தனியாகக் கிடைக்குமா, பழுது பார்க்கும் இடம் எந்த ஊரில் என்று கேட்டுவிடவேண்டும். கரண்ட் போய் வந்தால் மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடருமா என்பதும் அதேபோல. பல மெஷின்கள் சில நிமிட நினைவுதான் வைத்திருக்கும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் பாதி பொங்கிய மாவோடு மாட்டிக்கொண்டால் அதை எடுத்து அடுப்பில் ரொட்டியாகச் சுட்டுத் தீர்க்கவேண்டியதுதான்.

யாருக்கு உதவும் என்றால், நாலைந்து பேர் இருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பிரெட் தீரும் வீடு. ஆட்டா பிரெட்டில் பிடிவாதம் உள்ள வீடு. சப்பாத்திக்குப் பிசைய மணிக்கட்டு வலிக்கும் அம்மா இருக்கும் வீடு. பிசைவதற்கு மட்டும் தனிப் பொத்தான் இருப்பதால் சப்பாத்தி மாவு, பன் மாவு எல்லாம் அதில் தயாராகும். உண்மையில் பலர் கடைசியில் அதற்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

பிசைவதுதான் குறை என்றால் அதற்கு வேறு வழியும் வீட்டிலேயே இருக்கலாம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப்பின் கிரைண்டர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பல டேபிள் டாப் கிரைண்டர்களோடு மாவு பிசையும் தண்டு ஒன்று வரும். பெரும்பாலும் அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கும். அதை இறக்கிக் கழுவி, 300 கிராம் மாவு, முக்கால் டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு கரண்டி எண்ணெய், ஃபிரிஜ் தண்ணீர் போட்டுக் கால் மணி நேரம் பிசைய விடலாம். மூடி வைத்து இரண்டு பங்கானதும் அமுக்கி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு, மறுபடி எழும்பவிட்டு, கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றிய பிரஷர் குக்கரில் உப்புப் படுக்கை விரித்து, ஸ்டாண்ட் மேல் வைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம். மேலே நிறம் வராது. குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. நாலு வாரம், வாரம் இரண்டு தடவை இப்படிச் சுட்டுப் பார்த்து, நாலாவது வாரமும் வீட்டார் கேட்டு வாங்கித் தின்கிறார்கள், உங்களுக்கும் சலிக்கவில்லை என்றால் மெஷினை விலை விசாரிக்கலாம். ஈஸ்ட் அறை உள்ளதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.